சுடாத மண்: பூட்டானில் ஆறு இரவுகள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், பூட்டான் போய் வந்திருக்கீங்க, ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டபோது நான் தயங்கினேன். முப்பத்தாறு வருஷம் வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். வரிசையில் நிற்பவர்கள் பேசுவார்கள், நான் முத்திரை குத்துவேன். அவ்வளவுதான் பழக்கம். படம் மட்டும் காட்டிவிடுகிறேனே என்றேன். "படமெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே பார்த்தாச்சு சார், நடந்ததைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். நடுவில் என் சொந்தக் கணக்கு ஒன்றும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பெயரிலேயே மலை இருக்கிறது. விருத்தாசலம் என்றால் பழைய மலை. தமிழில் திருமுதுகுன்றம். ஆனால் நம் மொட்டை மாடியில் ஏறி நாலு திசையும் பார்த்தாலும் ஒரு குன்றுகூடக் கண்ணில் படாது. மலை மண்ணுக்குள் இருக்கிறது, அதன் மேல்தான் பழமலைநாதர் கோயில் நிற்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்படிப் பேரில் மட்டும் மலையை வைத்துக்கொண்டு வாழ்ந்த எனக்கு, கண்ணுக்குத் தெரிகிற மலையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

போன அக்டோபரில் போனோம். நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, என் அண்ணி. அண்ணியை உங்களில் பலருக்குத் தெரியும். அதோ முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். என் அண்ணன் நம் ஊர்த் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு செராமிக் யூனிட் வைத்திருந்தார். பியூஸ் கேரியர் செய்வார்கள். ஆர்டர் குறைந்த காலங்களில் பொம்மையும் அகல் விளக்கும் செய்வார்கள். அந்தப் பொம்மைகளுக்குக் கண் எழுதியது அண்ணி. அண்ணன் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அண்ணி எங்கும் போனதில்லை. என் மனைவிதான் பிடிவாதமாக அவரையும் கிளப்பினாள்.

முதலில் நாட்டைப் பற்றிக் கொஞ்சம். பூட்டானின் பரப்பு 38,394 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மக்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு. நம் கடலூர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 26 லட்சம் பேர் இருந்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மன்னர் உண்டு, பாராளுமன்றமும் உண்டு. நான்காவது மன்னர் தாமே முன்வந்து 2006இல் மகனுக்கு முடியைக் கொடுத்து ஒதுங்கினார். 2008இல் தேர்தல் நடந்தது, அரசியல் சட்டமும் வந்தது. நிலப்பரப்பில் 60 சதவீதமாவது எந்தக் காலத்திலும் காடாகவே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சி அங்கே வந்ததே 1999இல்தான்.

வங்கிக்காரன் என்பதால் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர்கள் நாணயத்தின் பெயர் நுல்ட்ரம். 1974இல் வெளியிட்டார்கள். ஒரு நுல்ட்ரம் என்றால் ஒரு ரூபாய், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நம் ரூபாய் அங்கே கடைகளில் செல்லும். அவர்களுடைய பூட்டான் வங்கி 1968இல் தொடங்கியது. நம் பாரத ஸ்டேட் வங்கிக்கும் அதில் பங்கு உண்டு. திம்புவில் அந்த வங்கியைப் பார்த்ததும் என் கால் தானாக உள்ளே போகப் பார்த்தது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

போகும் வழி இது. இங்கிருந்து ரயிலில் சென்னை, சென்னையிலிருந்து கொல்கத்தா வழியாக பாக்டோக்ராவுக்கு விமானம். அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காரில் நாலு மணி நேரம் போனால் ஜெய்காவ்ன் என்ற எல்லை ஊர். முழுக்க ரயிலிலேயே போக நினைப்பவர்கள் ஹாசிமாரா ஸ்டேஷனில் இறங்கலாம். அங்கிருந்து எல்லை இருபது கிலோமீட்டருக்குள்தான். பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் வாக்காளர் அட்டை போதும். ஆதார் செல்லாது. நான் மூன்று பேருடைய ஆதாரையும் லேமினேட் செய்து பத்திரமாக எடுத்துப் போனேன். வாக்காளர் அட்டை மனைவியின் கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம்.

ஜெய்காவ்ன் நம் கடைவீதி மாதிரியேதான். ஹாரன், தூசி, கூட்டம். வண்ணம் தீட்டிய ஒரு வாசலைத் தாண்டினால் புன்ட்ஷோலிங், பூட்டான். ஒரே தெருவின் தொடர்ச்சி, ஆனால் ஹாரன் சத்தம் அப்படியே நின்றுவிடுகிறது. அண்ணி காதைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, எனக்குக் காது அடைச்சுப் போச்சா?" என்று கேட்டார். அங்கே எங்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டோம்.

இந்தியர்கள் ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் அந்த அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து இந்த ஏற்பாடு. ஓட்டல், வண்டி, சாப்பாடு எல்லாம் தனி. எங்களுக்கு எல்லை ஊர் நீங்கலாக ஆறு இரவு. மூன்று பேருக்கு 21,600 ரூபாய். ரசீதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. "சாமி பார்க்கிறதுக்கு முன்னாடியே உண்டியலா?" என்று முணுமுணுத்தேன்.

ஆறாவது நாள் அந்த முணுமுணுப்பு போய்விட்டது. வழியில் ஒரு பிளாஸ்டிக் பையைக்கூட நான் அதிகம் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பு வரை படிப்பும் அடிப்படை மருத்துவமும் அவர்களுக்கு இலவசம். வருகிறவன் கால் பட்டால் பாதை தேயும், தேய்மானத்துக்கு வருகிறவனே ஒரு பங்கு கொடுக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. நாம் மாதா மாதம் பராமரிப்புத் தொகை கட்டுகிறோமே, அதே கணக்குதான். மூன்று மாத பாக்கி வைத்திருக்கும் நண்பர்கள் இதை என் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் பூட்டான் அரசின் பேச்சாக எடுத்துக்கொள்ளவும்.

எங்களோடு கடைசி வரை ஒரு வழிகாட்டி வந்தார். முப்பது வயது இருக்கும். முழங்கால் வரை நீண்டு இடுப்பில் கட்டிய கோ என்ற அங்கியும், நீளக் காலுறையும் போட்டிருந்தார். பெண்கள் உடுத்துவது கிரா. என்னைப் போன்றவனுக்கு வழிகாட்டி என்றாலே எரிச்சல். கவுன்டரில் வருஷக்கணக்காக மற்றவர்களுக்கு வழி சொன்னவன் ஆயிற்றே, எனக்கே ஒருவர் வழி சொல்வதா? ஆனால் அவர் அவசரப்படுத்தவே இல்லை. "மெதுவாக நடங்கள், மலை எங்கும் போய்விடாது" என்றார். மூன்றாம் நாளிலிருந்து அவர் சொன்னபடிதான் நான் தண்ணீர் குடித்தேன்.

திம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,300 மீட்டர். ஒரு நாட்டின் தலைநகரம், ஆனால் சிக்னல் விளக்கு கிடையாது. நாற்சந்தியில் வேலைப்பாடு செய்த ஒரு கூண்டுக்குள் போலீஸ்காரர் வெள்ளைக் கையுறையோடு கை அசைக்கிறார். வண்டிகள் நிற்கின்றன. ஊருக்கு மேலே மலையில் ஐம்பது மீட்டருக்கும் உயரமான புத்தர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே 1,25,000 சின்னப் புத்தர்கள். ஊருக்குள் மூன்றாவது மன்னரின் நினைவாக 1974இல் கட்டிய பெரிய ஸ்தூபி ஒன்று இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் காலையிலிருந்து மாலை வரை அதைச் சுற்றி வருகிறார்கள். நம் பிரதட்சணம் மாதிரியே, வலமாகத்தான். அண்ணிக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செருப்பைச் சரிசெய்துகொண்டு அவர்களோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பாஷை தெரியாத ஒரு பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று சுற்று கூட வந்தார்.

திம்புவில் பார்த்த இன்னொரு இடத்தைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பூட்டானில் பாரம்பரியக் கலைகள் பதின்மூன்று என்று கணக்கு. ஸோரிக் சூசும் என்பார்கள். மரம், கல், ஓவியம், வார்ப்பு, நெசவு, காகிதம், மூங்கில் எல்லாம் உண்டு. களிமண்ணும் அதில் ஒன்று. ஜின்ஸோ என்று பெயர். இவற்றைச் சொல்லிக்கொடுக்க அரசுப் பள்ளி நடத்துகிறார்கள். நம் ஊரில் செராமிக் பயிலகம் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு வகுப்பில் பையன்கள் களிமண்ணில் புத்தர் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணி அப்படியே நின்றுவிட்டார். நம் ஊரில் நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்போம். சுட்டால்தான் பொருள், சுடாவிட்டால் மண். அங்கே அச்சு இல்லை, கையாலேயே வனைகிறார்கள். மரப்பட்டையிலிருந்து செய்த காகிதக் கூழை மண்ணோடு சேர்த்து இடிக்கிறார்கள். நிழலில் காயவைத்து வண்ணம் பூசுகிறார்கள். சூளையே கிடையாது.

அண்ணி என்னிடம் கேட்டார், நான் வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "சுடாமல் எப்படி நிற்கும்?"

"கோயிலுக்குள் நிற்கும். உள்ளே மந்திரச் சுருள் வைப்பார்கள். மழை படாமல் பார்த்துக்கொண்டால் பல தலைமுறை நிற்கும்" என்றார் அவர்.

"அப்போ, யாராவது பார்த்துக்கிட்டாத்தான் நிற்கும்" என்றார் அண்ணி. அவர் சொன்னதை வழிகாட்டிக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்து புனாக்கா. போகும் வழியில் தோச்சு லா கணவாய், ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரம். 2003இல் எல்லைப் போரில் இறந்தவர்களின் நினைவாக 108 ஸ்தூபிகள் கட்டியிருக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்தால் பனிமலை வரிசை தெரியும் என்றார்கள். எங்களுக்கு மேகம்தான் தெரிந்தது. அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் ஒரு நிமிஷம் ஓர் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. என் மனைவி இன்றுவரை அது பனிமலைதான் என்கிறாள். நான் மேகம் என்கிறேன். நீங்கள் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

புனாக்கா கோட்டை இரண்டு ஆறுகள் கலக்கும் இடத்தில் நிற்கிறது. ஒன்று ஆண் ஆறு, இன்னொன்று பெண் ஆறு என்று பெயர். 1637, 38 வாக்கில் ஷாப்துருங் நவாங் நம்கியால் கட்டியது. சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளைச் சேர்த்து ஒரே நாடாக்கியவர் அவர்தான். 1651இல் அவர் இறந்துபோனார். இறந்த செய்தி தெரிந்தால் நாடு உடைந்துவிடும் என்று பயந்து, அவர் தவத்தில் இருக்கிறார், யாரையும் பார்க்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, ஐம்பது வருஷத்துக்கும் மேல் அப்படியே சொல்லி வைத்திருந்தார்கள்.

வழிகாட்டி இதைச் சொன்னபோது குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதே மாதிரி ஒன்றை நானும் வைத்திருந்தேன், பத்தொன்பது வருஷமாக. இதை அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

பியூஸ் கேரியர் போட்ட இடத்தில் எல்லாம் எம்.சி.பி. வந்துவிட்ட காலம் அது. அண்ணனுக்கு ஆர்டர் சரிந்துகொண்டே வந்தது. வேறு சரக்குக்கு மாற, புதுச் சூளை போட, கடன் வேண்டும். இன்னொரு வங்கியில் கடன் கேட்டிருந்தார். ஜாமீன் கையெழுத்துக்கு என்னிடம் வந்தார். எங்களைப் போன்ற வங்கி ஊழியர்கள் ஜாமீன் போடுவதென்றால் மேலே அனுமதி கேட்க வேண்டும். "கேட்டுச் சொல்றேன்" என்றேன். ஒரு வாரம் கழித்து, "கேட்டேன் அண்ணா, கொடுக்கலை. ரூல்ஸ் இடம் கொடுக்கலை" என்று சொன்னேன்.

நான் கேட்கவே இல்லை.

ஜாமீன் போட்டுவிட்டு வீட்டை இழந்தவர்களைக் கவுன்டரில் தினம் பார்த்தவன் நான். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். பயந்தேன். "பயமாக இருக்கிறது, என்னால் முடியாது" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் பயந்து, இல்லாத ஒரு மறுப்பை அலுவலகத்தின் மேல் போட்டேன். அண்ணன், "சரிடா, உன் வேலைக்குப் பங்கம் வந்துடக் கூடாது" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். இரண்டு வருஷத்தில் யூனிட்டை மூடினார். நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மூடியிருக்கலாம், அது வேறு கணக்கு. பொய் சொன்னது மட்டும் என் கணக்கில் அப்படியே நின்றது.

கடைசி மூன்று இரவு பாரோவில். ஆறாவது நாள் டாக்ட்சாங் மடம். புலிக் கூடு என்று அர்த்தம். பூட்டான் என்றால் எல்லோரும் காட்டும் படம் அதுதான், செங்குத்தான பாறையில் ஒட்டவைத்த மாதிரி நிற்கும் கோயில். எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண் புலியின் மேல் ஏறி வந்து அங்கே குகையில் தவம் செய்தார் என்பது நம்பிக்கை. கோயில் கட்டியது 1692இல். 1998இல் தீப்பிடித்து எரிந்தது, திரும்பக் கட்டி 2005இல் முடித்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 3,120 மீட்டர், பள்ளத்தாக்கிலிருந்து 900 மீட்டர் ஏற்றம். ஏறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பாதி வழியில் ஒரு தேநீர் விடுதி உண்டு, அதுவரை குதிரையும் கிடைக்கும்.

என் மனைவிக்கு மூட்டு வலி. "நான் கீழேயே உட்கார்ந்து கடை பார்க்கிறேன், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றாள். நானும் அண்ணியும் வழிகாட்டியும் நடந்தோம். பைன் மரக் காடு, மரத்துக்கு மரம் கட்டிய கொடிகள். ஓடைத் தண்ணீரிலேயே சுற்றும் பிரார்த்தனை உருளைகள். அவற்றில் எழுதியிருக்கும் மந்திரத்தில் 'மணி' என்ற சொல் வருகிறது என்று கேட்டதும் அண்ணி, "நம்ம ஆத்துப் பேரு" என்றார்.

ஒரு திருப்பத்தில் பாறை குடை மாதிரி முன்னால் நீண்டிருந்தது. அதன் அடியில், கைக்கு அடக்கமாக, கூம்பு வடிவத்தில் சின்னச் சின்ன மண் உருண்டைகள் வரிசையாக வைத்திருந்தார்கள். சிலவற்றுக்கு வெள்ளை பூசியிருந்தது, சிலது வெறும் மண். அண்ணி குனிந்து உற்றுப் பார்த்தார். தொடவில்லை.

"தம்பி, இது பச்சை மண்ணு. சுடலை."

வழிகாட்டி விளக்கினார். அதன் பெயர் ட்சா ட்சா. ஸ்தூபியின் சின்ன வடிவம், அச்சில் அடித்து எடுப்பது. வேண்டுதலுக்கும் செய்வார்கள். வீட்டில் யாராவது இறந்தால், எரித்த சாம்பலைக் கொஞ்சம் மண்ணில் கலந்தும் செய்வார்கள். நூற்றெட்டு என்று எண்ணிச் செய்து, இப்படி மழை படாத சுத்தமான இடத்தில் கொண்டுவந்து வைப்பார்கள்.

"இதுவும் ஒரு நாள் உதிர்ந்துடுமே?" என்று அண்ணி கேட்டார்.

"உதிரும். வைப்பதோடு நம் வேலை முடிந்தது. பிறகு அது மண்ணோடு சேர்ந்துவிடும்" என்றார் அவர்.

நம் மணிமுத்தாற்றில் கோயிலுக்கு எதிரே அஸ்தியைப் போட்டால் எலும்பு கூழாங்கல்லாக மாறி அடியிலேயே தங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா? அண்ணனுக்கும் அங்கேதான் கரைத்தோம். நாம் எலும்பு கல்லாகித் தங்கட்டும் என்று நினைக்கிறோம். அவர்கள் சாம்பலை மண்ணில் பிசைந்து, உதிரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாறையடியில் நின்றபோது எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று பட்டது. இரண்டு இடத்திலும் நம் கையிலிருந்து இறக்கி வைக்கிறோம். நான்தான் எதையும் இறக்கி வைக்காமல் தூக்கிக்கொண்டே அலைந்திருக்கிறேன்.

தேநீர் விடுதிக்குப் போய் உட்கார்ந்தோம். எதிரே பள்ளத்தின் அந்தப் பக்கம் டாக்ட்சாங். வழிகாட்டி டீ வாங்கப் போனார். நான் அண்ணியிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "அண்ணி, அன்னிக்கு அண்ணன் கேட்ட ஜாமீனுக்கு நான் ஆபீஸ்ல அனுமதியே கேட்கலை. கேட்டேன்னு பொய் சொன்னேன்."

அண்ணி கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தெரியும் தம்பி. உங்க ஆபீஸ்ல வேலை பார்த்தவர் ஒருத்தர் அப்பவே பேச்சுவாக்கில சொல்லிட்டார். உங்க அண்ணன் ஒரு வார்த்தை பேசலை. நான்தான் பேசினேன். அவர் இருந்த வரைக்கும் உங்களைப் பத்தி ராத்திரி ராத்திரி பேசியிருக்கேன். நீங்க பொங்கலுக்கு வர்றப்ப சிரிச்சுக்கிட்டே காபி கொடுத்திருக்கேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரும் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து, "டீ ஆறுது, குடிங்க" என்றார். குடித்தோம். அவர்கள் ஊரில் வெண்ணெயும் உப்பும் போட்ட டீ ஒன்று உண்டு, சுஜா என்பார்கள். நல்லவேளை, இது நம் டீ.

அதற்கு மேல் நாங்கள் ஏறவில்லை. "அவ கீழே தனியா இருக்கா, இறங்கலாம்" என்றார் அண்ணி. ஆகவே டாக்ட்சாங் கோயிலுக்குள் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தவன் நான்.

பூட்டானை ஒரேயடியாகச் சொர்க்கம் என்று சொல்லிவிட்டு உட்காரவும் எனக்கு மனம் இல்லை. பொருள் உற்பத்தியைவிட மக்களின் மொத்த மகிழ்ச்சிதான் முக்கியம் என்ற கொள்கையால் அந்த நாட்டுக்கு உலகப் புகழ். தூக்கம், நேரம், அக்கம்பக்கத்து உறவு என்று வீடு வீடாகக் கேட்டுக் கணக்கும் எடுக்கிறார்கள். ஆனால் 1990களில் தெற்கே வாழ்ந்த நேபாளி பேசும் மக்களில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு நேபாளத்து அகதி முகாம்களுக்குப் போக நேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிறகு அமெரிக்கா போன்ற நாடுகளில் குடியேறினார்கள். இதை வழிகாட்டி எங்களுக்குச் சொல்லவில்லை, ஊருக்கு வந்து படித்துத் தெரிந்துகொண்டேன். மண்டபம் முகாமைக் கேள்விப்பட்ட நமக்கு அது எப்படிப்பட்ட வலி என்று புரியும். இளைஞர்கள் வேலை தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போவதும் இப்போது அதிகம். எங்கள் வழிகாட்டியின் தங்கையே அங்கேதான் இருக்கிறாள். மனிதர்களைப் போலத்தான் நாடுகளும். வெளியில் சொல்லாத கணக்கு ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரையும் நல்ல காலம். இதயம், சர்க்கரை, மூட்டு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மாத்திரைகளை இங்கிருந்தே போதுமான அளவு எடுத்துப் போங்கள். சாப்பாட்டில் பச்சை மிளகாயே காய்கறி. மிளகாயையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்துச் செய்யும் எமா தாட்ஷிதான் அவர்கள் தேசிய உணவு. சிவப்பரிசிச் சோறும் தயிரும் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். கோயில்களுக்குள் படம் எடுக்கக் கூடாது. பாறையடியில் மண் கூம்புகளைப் பார்த்தால் அழகாக இருக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். அது ஒரு வீட்டின் துக்கமாக இருக்கும்.

திரும்பி வந்த மறுவாரம் ஒரு நாள் காலையில் அண்ணி என்னை மணிமுத்தாற்றுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். மழை பெய்து ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. கரையில் ஒரு கூழாங்கல்லை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே போட்டார். வரும் வழியில், "தம்பி, பரண்ல அவரோட அச்சு ரெண்டு பொட்டி கிடக்கு. இறக்கிக் கொடுங்க" என்றார். இறக்கினேன். பொம்மை அச்சுகள். பிளாஸ்டர் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் பயன்படும்.

அதனால் கடைசியாக இரண்டு அறிவிப்பு. செயலாளரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். இந்த முறை நிஜமாகவே கேட்டேன்.

முதலாவது, பள்ளி விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் குடியிருப்புக் குழந்தைகளுக்கு அண்ணி மொட்டை மாடியில் மண் வேலை சொல்லிக்கொடுக்கிறார். சூளை கிடையாது. சுடாத மண்தான். உடைந்தால் திரும்பப் பிசைந்துகொள்ளலாம்.

இரண்டாவது, எல்லோரும் பூட்டான் போக முடியாது. ஆனால் சேலம் போகும் வழியில் தலைவாசல் பக்கத்தில் தியாகனூர் என்ற கிராமத்தில் இரண்டு பழைய கல் புத்தர்கள் இருக்கிறார்கள். ஊர் மக்கள் இன்றும் கும்பிடுகிறார்கள். புத்தர் நமக்கும் அந்நியர் இல்லை. ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு அந்தச் சோழ அரசே ஆனைமங்கலத்தைக் கொடுத்தது. மணிமேகலையும் நம்முடையதுதான். ஆகவே அடுத்த மாதம் ஒரு வேன் எடுத்துக்கொண்டு ஒருநாள் தியாகனூர் போய் வரலாம் என்று இருக்கிறேன். ஏற்றம் கிடையாது, மூட்டு வலிக்காரர்களும் வரலாம். பெயர் கொடுப்பவர்கள் இந்த வாரத்துக்குள் கொடுங்கள்.

வழிகாட்டியாக நான் வருகிறேன். மெதுவாகத்தான் நடப்போம்.